ஆசிரியர்களின் மன அழுத்தம்: யார் பொறுப்பு?

ஆசிரியர் வேலை என்றாலே நீண்ட விடுமுறை, மாலையில் சீக்கிரம் வீடு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இன்று அவர்களை வாட்டுவது பாடம் நடத்துவது அல்ல. பாடத்துக்கு வெளியே சேரும் சுமைதான்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும். இல்லையேல் வேலை இல்லை என்றது அத்தீர்ப்பு. 2010இல் இத்தேர்வு வருவதற்கு முன்பே முறையாக நியமிக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர், தன் பிள்ளையின் வயதில் இருப்பவர்களோடு தேர்வு எழுத வேண்டிய நிலை. சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வியை நீதிமன்றம் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. அங்குள்ள ஆசிரியர்களுக்குத் தேர்வை விடக் காத்திருப்பே பெரும் கவலை.

சரி, படிக்க நேரம் எங்கே? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது. ஆனால் தேர்தல், மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம், 2027 கணக்கெடுப்பு எல்லாம் இந்த இரண்டு ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. இவற்றோடு எமிஸ் தளத்தில் அன்றாடப் பதிவுகள் வேறு.

பணிச் சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: உடலும் மனமும் தளர்ந்துபோவது, வேலையின் மீது வெறுப்பு, தன்னால் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இந்த நிலையில் உள்ள ஆசிரியரிடமிருந்து நம் பிள்ளைகளுக்குப் பொறுமையும் கனிவும் எப்படிக் கிடைக்கும்?

தனியார் பள்ளிகளில் பணிபுரியும் நம் பெண்களின் நிலை இன்னும் கடினம். குறைந்த சம்பளம், பணிப் பாதுகாப்பு இல்லை. வீடு திரும்பினால் சமையல், பிள்ளைகள், பெரியவர்கள். எல்லாம் முடிந்த பிறகே விடைத்தாள்கள். வீட்டு வேலையை ஆண்களும் பகிர்ந்துகொண்டாலே பாதிச் சுமை குறையும்.

பதிவுப் பணிகளுக்கு அரசு தனி ஊழியர்களை நியமிக்க வேண்டும். தேர்வு எழுதுவோருக்குப் பயிற்சியும் விடுப்பும் தர வேண்டும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் உரிய சம்பளத்தை உரிய நாளில் கொடுக்க வேண்டும். பெற்றோராகிய நாம் இரவு பத்து மணிக்கு ஆசிரியருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதையும், ஒரு மதிப்பெண்ணுக்காகச் சண்டைக்குப் போவதையும் நிறுத்தலாம்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் தவிக்கும் ஆசிரியர் நம் வீட்டில் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை.