விஷச் சாராயத்துக்கு மருந்து எந்த ஊரில் இருக்கிறது?

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களின் சடலம் வீட்டுக்கு வீடு கிடந்தபோது, சென்னையில் இரண்டு மருந்துகளின் பெயரை வைத்துச் சண்டை நடந்தது. விஷமுறிவு மருந்து கையிருப்பில் இல்லை என்றார் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி. போதுமான ஒமெப்ரசோல் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். நான் கேட்டது ஃபோமெபிசோல், அமைச்சர் சொல்வது அல்சர் மாத்திரை என்று பழனிசாமி திருப்பிக் கொடுத்தார். தொலைக்காட்சிகளுக்கு இரண்டு நாள் தீனி. பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் அது மறக்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது வானூர் பக்கத்தில் இருக்கிறேன். ஒமெப்ரசோல் மாத்திரையை என் கையால் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேன். ஃபோமெபிசோல் குப்பியைப் பார்த்ததே இல்லை. அந்தச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனாலைக் குடித்தவருக்கு முதலில் வருவது வயிற்று வலியும் வாந்தியும்தான். அவருக்கு முதலில் போடப்படுவது அந்த அல்சர் வகையறா ஊசிதான். அது தப்பான மருந்து என்று சொல்லவில்லை. அதைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் ஆபத்து.

அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். நடுத்தர வயது, கூலி வேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு மனைவி முந்திக்கொண்டு, “நைட்டு கருவாட்டுக் கொழம்பு சிஸ்டர், அது ஒத்துக்கல போல” என்றார். வாயில் சாராய நெடி இல்லை. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். “எல்லாம் பனி மூடுன மாதிரி இருக்கு, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியல சிஸ்டர்” என்றார். அவர் மூச்சு வாங்கிய விதத்தை, நுரையீரல் நோயாளிகளிடம்கூட நான் பார்த்ததில்லை. ஆழமாக, வேகமாக, ஓடிவந்தவர் வாங்குவதுபோல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் தப்பியது, பார்வை திரும்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மெத்தனாலின் குணமே இதுதான். குடித்தவுடன் கொல்லாது. சாதாரணச் சாராயம்போல லேசாகப் போதை தரும், தூக்கம் வரும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம் ரத்தத்தில் சேரச் சேர, உடலின் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் பயன்படுத்த முடியாமல் திணறும். கண் நரம்பு முதலில் அடிபடும். இதற்கெல்லாம் 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே குடித்த அன்றைக்கும் செத்த அன்றைக்கும் நடுவே ஒரு ராத்திரி இருக்கிறது. காப்பாற்ற முடிகிற நேரம் அந்த ராத்திரிதான். நம் ஊரில் அது தூக்கத்திலும் பொய்யிலும் கழிந்துவிடுகிறது.

மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் அப்படித்தான் நடந்தது. கழுவெளி ஏரிக்கு இந்தப் பக்கம் வானூர், அந்தப் பக்கம் மரக்காணம். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. 2023 மே 13 சனிக்கிழமை குடித்தார்கள். மறுநாள் ஞாயிறு, சாவுகள் வரத் தொடங்கின. மரக்காணம், முண்டியம்பாக்கம், பாண்டி ஜிப்மர் என்று பல ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர், செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20-க்கும் மேல். அது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று ஆய்வு முடிவைச் சொன்னார் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு.

அதற்குப் பிறகு ஓராண்டில் கள்ளக்குறிச்சி. 65-க்கும் மேற்பட்ட உயிர்கள். முதல் சாவுகள் நடந்தபோது சாராயம்தான் காரணம் என்பது உறுதியாகவில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. வயிற்றுப்போக்கு என்றார்கள், வேறு நோய் என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி, சாவு வீட்டுக்கு வந்தவர்களே அதே சாராயப் பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். எல்லாம் சரி. விற்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைப்பதற்கும், குடித்தவன் இன்று ராத்திரி பிழைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

மருந்து இருக்கிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. நான் சொன்ன நொதியைப் பேருந்தில் உள்ள ஒற்றை சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மெத்தனால் உட்கார்ந்தால்தான் விஷமாக மாறும். எத்தனாலும், அதாவது சாதாரண மதுவில் உள்ள ஆல்கஹாலும், அதே சீட்டுக்குத்தான் வரும். வந்தால் மெத்தனாலைத் தள்ளிவிட்டு முதலில் உட்கார்ந்துகொள்ளும். இடம் கிடைக்காத மெத்தனால் சிறுநீரிலும் மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அல்லது டயாலிசிஸ் செய்து எடுத்துவிடலாம். ஃபோமெபிசோல் செய்வதும் இந்த வேலையைத்தான், எத்தனாலைவிடப் பாதுகாப்பாக, போதை இல்லாமல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013-லிருந்து அது இருக்கிறது. விலைதான் அதிகம், கிடைப்பதும் அரிது. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை இறக்க சோடா பைகார்பனேட் ஊசி. அது மலிவு. ஃபார்மிக் அமிலத்தைச் சிதைக்க உதவுவது, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோமே ஃபோலிக் ஆசிட், அந்தக் குடும்பத்து மருந்துதான்.

2012-ல் செக் குடியரசில் இதேபோல ஒரு கூட்டச் சாவு நடந்தது. நம்மூர்க் கதைதான்: மலிவு மது, அதில் மெத்தனால், நாற்பதுக்கும் மேற்பட்ட சாவுகள். அங்கே செய்த ஒரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தேகப்பட்ட நோயாளிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை காத்திராமல், வழியிலேயே அளந்து எத்தனால் கொடுக்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களும் சிறிய மருத்துவமனைகளும் கொடுத்தன. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, அப்படி முன்கூட்டியே எத்தனால் பெற்றவர்களில் அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள். 2025-ல் பிரேசிலில் கலப்பட மதுவால் சாவுகள் வந்தபோது, அந்த நாட்டு அரசு ஜப்பானிலிருந்து ஃபோமெபிசோலை அவசரமாக வரவழைத்தது. சாவு வந்த பிறகு வாங்குவது தாமதம்தான். ஆனாலும் எந்த மருந்து வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

நம்மிடம் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. 2008-லிருந்து ஓடுகிறது. மரக்காணத்திலோ வானூரிலோ ஏற்றப்படும் நோயாளி ஜிப்மருக்கு அல்லது முண்டியம்பாக்கத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி, ஒரு மணி நேரம். போனவுடன் சிகிச்சை தொடங்கிவிடாது. சீட்டு, படுக்கை, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய இன்னும் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் கேட்கிறேன்: தாலுகா மருத்துவமனையிலேயே, டாக்டரின் உத்தரவின்பேரில், அளவு குறித்த எத்தனாலை ஏன் தொடங்கக் கூடாது? 108 வண்டியில், போன் வழியாக டாக்டர் சொல்லச் சொல்ல, ஏன் கொடுக்கக் கூடாது? தெருவுக்குத் தெரு டாஸ்மாக் வைத்திருக்கும் மாநிலத்தில் மருத்துவத்துக்கான எத்தனாலுக்கா பஞ்சம்? கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். “சாராயத்துக்கு மருந்து சாராயமா சிஸ்டர்?” என்று ஒரு கம்பவுண்டரே என்னிடம் கேட்டிருக்கிறார். ஆமாம், அதுதான் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அளந்து, நரம்பு வழியாகவோ வயிற்றுக் குழாய் வழியாகவோ, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு கொடுப்பது. யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் குவார்ட்டரை ஊற்றிக் கொடுக்க வேண்டாம். அது ஆளைக் கொன்றுவிடும்.

இதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே உண்டு, பாம்புக்கடி. எங்கள் பக்கத்தில் நெல்லும் மணிலாவும் விளைகிற காடு முழுக்கக் கண்ணாடி விரியன் உண்டு. ஒரு காலத்தில் விஷமுறிவு ஊசிக்காகப் பாண்டிச்சேரிக்கு ஓடினோம். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது, மருந்து தயாராகிறது, மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஒவ்வொரு மருத்துவமனையும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல முடிவு. மெத்தனாலுக்கும் அதேபோல ஓர் உத்தரவு போட்டால் என்ன? பாம்பு ஒரு நேரத்தில் ஒருவரைக் கடிக்கும். மெத்தனால் பாக்கெட் ஒரு தெருவையே படுக்கவைக்கும். சந்தேகத்துக்குரிய முதல் நோயாளி வந்த உடனே, தனியார் கிளினிக்காக இருந்தாலும், ஒரு எண்ணுக்குத் தகவல் போக வேண்டும். உறுதியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகமே போதும். கள்ளக்குறிச்சியில் அப்படி ஒரு போன் முதல் நாள் காலையில் போயிருந்தால், பிறகு பாக்கெட் வாங்கியவர்களில் சிலராவது இன்று இருந்திருக்கலாம்.

செலவைப் பற்றிப் பேசுவோம். செத்தவர் குடும்பத்துக்கு அரசு கொடுத்த நிவாரணத்தைப் பற்றி, “குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள், நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டார்கள். செத்தவர் குடித்தார்; அந்தப் பணம் போகும் வீட்டில் பிள்ளைகள் குடிக்கவில்லை. அதனால் நிவாரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் பாருங்கள். எங்கள் மாவட்டத்தின் 14 பேருக்குத் தலைக்கு 10 லட்சம் என்றால் 1 கோடியே 40 லட்சம். திண்டிவனம், மரக்காணம், வானூர் அரசு மருத்துவமனைகளில் ரத்தத்தின் அமில அளவைப் பார்க்கும் கருவியையும் எத்தனாலையும் பைகார்பனேட்டையும் வைத்து, மாவட்டக் கிடங்கில் கொஞ்சம் ஃபோமெபிசோலும் வைக்க அந்தத் தொகையில் எவ்வளவு ஆகிவிடும்? காலாவதியாகிப் போனாலும் பரவாயில்லை. தீயணைப்பு வண்டியை, போன வருஷம் தீப்பிடிக்கவில்லை என்று யாரும் விற்றுவிடுவதில்லையே.

மதுவிலக்கு வந்தால் இதெல்லாம் தேவைப்படாது என்பவர்களுக்கும், கடையை இன்னும் திறந்தால் கள்ளச் சாராயம் ஒழியும் என்பவர்களுக்கும் ஒரே பதில்: முழு மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2022 ஜூலையிலும் பிகாரில் அதே ஆண்டு டிசம்பரிலும் மெத்தனால் கொன்றது. கடை திறந்திருக்கும் பஞ்சாபில் 2025 மே மாதம் கொன்றது. வானூர்க்காரர்கள் ரோட்டைத் தாண்டினால் பாண்டியில் அரசு அனுமதி பெற்ற சாராயக் கடையே இருக்கிறது. அப்படியும் பக்கத்து மரக்காணத்தில் பாக்கெட் விற்றது, காரணம் அதன் விலை. கொள்கை விவாதம் நடக்கட்டும். அதுவரை மருந்து அலமாரியில் இருக்கட்டும்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. நேற்றுக் குடித்தவர் இன்று வயிறு வலிக்கிறது, கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் தூங்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நர்ஸ் கேட்கும்போது கருவாட்டுக் குழம்பைச் சொல்லாதீர்கள். என்ன குடித்தார், எப்போது, யாரோடு சேர்ந்து குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். போலீஸ் வருமே என்று பயமாக இருக்கும். வரத்தான் செய்யும். ஆனால் கூடக் குடித்தவர்கள் பெயரையும் நீங்கள் சொல்லிவிட்டால், அவர்களையும் அன்றைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.