வெடிப்பைத் தானே அடைக்கும் காங்கிரீட்!

மழைக்காலம் வந்துவிட்டால் மாடி வீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டந்தான். மயிரிழை போன்ற கீறல் வழியே கூரை ஒழுகும். கொத்தனாரைக் கூப்பிட்டால், மேலே சிமிண்டைத் தடவிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறு வருஷம் அதே இடத்தில் அதே ஒழுகல்! என் வீட்டிலும் இதே கதைதான்.

ஒழுகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே நடப்பதுதான் ஆபத்து. வெடிப்பில் இறங்கும் நீரும் காற்றும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது நெருக்கித் தள்ள, காங்கிரீட் பெயர்ந்து தலைமேல் விழுகிறது.

இதற்கு ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் சர்வகலாசாலையில் ஹெங்க் யோங்கர்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். 2006-ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. உறங்கும் பாக்டீரியா வித்துக்களையும், அவற்றுக்கு ஆகாரமாகக் கால்சியம் லாக்டேட் என்ற உப்பையும் காங்கிரீட்டில் கலந்துவிடுகிறார்கள். வெடிப்பில் நீர் புகுந்ததும் வித்துக்கள் விழித்துக்கொள்கின்றன. உப்பைத் தின்று சுண்ணாம்புக் கல்லாக்குகின்றன. 0.8 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள கீறல்கள் சில வாரங்களில் அடைபட்டுவிடுகின்றன. கம்பியைக் கெடுக்கும் பிராணவாயுவையும் அவை உறிஞ்சிவிடுவது உபரி லாபம். கெடுக்க வந்த நீரே வைத்தியரை எழுப்பிவிடுகிறது, பாருங்கள்!

பழைய ரோமானியரும் ஏறக்குறைய இதைச் சாதித்தார்கள். அவர்கள் சாந்தில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளை அரைகுறை வேலையின் அடையாளம் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். நீர் பட்டால் அவை கரைந்து வெடிப்பை அடைக்கும் என்று 2023-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

இனிக் கொத்தனாரே வேண்டாம் என்று சிலர் குதிக்கிறார்கள். அதுதான் எனக்குச் சம்மதமில்லை. சுரங்கப்பாதை, பூமிக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி போன்ற, மனிதன் கை எட்டாத இடங்களுக்கு இதை அவசியம் பயன்படுத்தலாம். கூடுதல் செலவு அங்கே வீணல்ல. ஆனால் அஸ்திவாரம் இறங்கிச் சுவர் விரல் அகலம் பிளந்தால் எந்தப் பாக்டீரியா என்ன செய்யும்? தளம் போட்டபின் ஏழு நாளாவது தண்ணீர் தேக்கி வைக்காத சோம்பலுக்கு, ஹாலந்திலிருந்து கிருமியை வரவழைப்பானேன்?

அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். இந்தத் தடவை தடவுகிற வேலை வேண்டாம், கீறலை வெட்டித் திறந்து, தூசி போகக் கழுவி அடையுங்கள் என்று சொல்லிவிட்டேன். கூலி கொஞ்சம் கூடுதலாகும் என்றார். சரி என்றேன்.