கத்தரிக்காய்க்கு ஜோடி ஆப்பிள்! காஷ்மீரின் இலையுதிர்காலச் சமையலறை

கத்தரிக்காயோடு முருங்கைக்காய் சேரும். உருளைக்கிழங்கு சேரும். கருவாடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால், ஆப்பிள்? பழக்கூடையில் இருப்பதை எடுத்துக் குழம்புச் சட்டியில் போட்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு கிளம்பும் என்று யோசித்துப் பாருங்கள். காஷ்மீரில் அதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது: 'சூண்ட் வாங்குன்'. சூண்ட் என்றால் ஆப்பிள், வாங்குன் என்றால் கத்தரிக்காய். காலண்டரைப் பார்க்காமலேயே இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று சொல்லிவிடும் பதார்த்தம் அது.

காஷ்மீர் சாப்பாடு என்றாலே நம் மனதில் வருவது ரோகன் ஜோஷ், வாஸ்வான் விருந்து, குங்குமப்பூ போட்ட பால். கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஓர் ஊரின் சமையலை எடைபோட முடியுமா? நம்மைத் தினமும் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் என்று யாராவது நினைத்தால் எப்படி இருக்கும்! அங்கே அன்றாடம் அடுப்பில் இருப்பது சாதமும் காயும் கீரையும்தான். அதிலும் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நீளும் 'ஹரூத்' பருவத்தில் காய்கறிக்குத்தான் ராஜமரியாதை. காரணம், அடுத்து வரப்போவது உறைபனி. தோட்டத்தில் மிச்சம் இருப்பதையெல்லாம் அதற்குள் சமைத்தாக வேண்டும், அல்லது காயவைத்தாக வேண்டும்.

செடியில் கடைசிக் கத்தரிக்காய்கள் தொங்கும் அதே வாரங்களில்தான் மரத்தில் ஆப்பிள் பழுக்கிறது. இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆப்பிளுக்குப் பதில் 'பம்சூண்ட்' என்ற பழத்தைப் போட்டும் செய்வார்கள். பார்க்கப் பேரிக்காய் மாதிரி இருக்கும். பச்சையாகக் கடித்தால் வாய் துவர்த்துவிடும். சமைத்தால் மணக்கும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, நான்கு பேருக்கான அளவு இது. நீளமான, கெட்டியான கத்தரிக்காய் அரை கிலோ. புளிப்பான ஆப்பிள் இரண்டு. தித்திக்கும் சிவப்பு ஆப்பிளைவிடக் கடைகளில் கிடைக்கும் பச்சை ஆப்பிள் இதற்குப் பொருந்தும். கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு நான்காகக் கீறி நறுக்கவும். ஆப்பிளைத் தோல் சீவாமல், விதையை மட்டும் நீக்கி, தடிமனான துண்டுகளாக்கவும். கடுகு எண்ணெயைப் புகை வரும்வரை காயவைத்து, அடுப்பைக் குறைத்து, முதலில் கத்தரிக்காயைப் பொன்னிறமாக வதக்கி எடுத்து வைக்கவும். பிறகு ஆப்பிள். அதை அதிக நேரம் விடக் கூடாது, குழைந்துவிடும். மீதமுள்ள எண்ணெயில் இரண்டு கிராம்பு, பெருங்காயம், ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், உடனே அரை டம்ளர் தண்ணீர். மிளகாய்த்தூள் கருகினால் எல்லாமே வீண். கொதி வந்ததும் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் சோம்புத்தூள், அரை டீஸ்பூன் சுக்குத்தூள் சேர்த்து, வதக்கியவற்றைப் போட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் சிறு தீயில் விட்டால் போதும். கரண்டி போட்டுக் கிளற வேண்டாம். சட்டியைப் பிடித்துக் குலுக்கினால் துண்டுகள் உடையாது.

வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, தக்காளி இல்லை. இது காஷ்மீரி பண்டிட் வீடுகளின் முறை. பெருங்காயமும் சோம்பும் சுக்கும்தான் அவர்கள் சமையலின் முதுகெலும்பு. முஸ்லிம் வீடுகளில் பூண்டும் சின்ன வெங்காயமும் சேரும். கடுகு எண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் கடலை எண்ணெயில் செய்யலாம், பரவாயில்லை. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். அப்புறம் அது நம் எண்ணெய்க் கத்தரிக்காயின் தூரத்துச் சொந்தம் ஆகிவிடும்.

சூடான சாதத்தில் போட்டுச் சாப்பிட்டால் முதலில் தெரிவது காரம். பிறகு புளிப்பு. புளி ஊற்றாமலே ஒரு புளிக்குழம்பு!

இந்த வாரங்களில் தினமும் வருகிற இன்னொன்று 'ஹாக்'. முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த, உருண்டு கட்டாத பெரிய பச்சை இலை. கடுகு எண்ணெய், பெருங்காயம், இரண்டு மிளகாய், தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். அதே முறையில் நூல்கோலை அதன் இலையோடு சேர்த்து வேகவைத்தால் 'மோன்ஜ் ஹாக்'. நம் சந்தைகளில் நூல்கோல் வாங்கும்போது கடைக்காரர் இலையைத் திருகிப் போட்டுவிட்டுத்தான் தராசில் வைக்கிறார். அடுத்த முறை இலையோடு கேட்டு வாங்கலாம். பிஞ்சு இலையாக இருந்தால் கீரை போலவே வேகும். டர்னிப் கிழங்கை ராஜ்மாவோடு சேர்த்துக் குழைய வேகவைக்கும் 'ராஸ்மா கோக்ஜி' இன்னும் கனமான சாப்பாடு. வெளியே குளிர் ஏற ஏற, தட்டில் பருப்பும் கிழங்கும் கூடும்.

தாமரைத்தண்டு இல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. 'நத்ரு' என்கிறார்கள். தயிரில் சமைத்தால் 'நத்ரு யக்னி'. நம் கடைகளில் வற்றலாக மட்டுமே பார்த்துப் பழகிய அந்த ஓட்டை ஓட்டையான வட்டங்கள், அங்கே ஏரியிலிருந்து எடுத்த ஈரத்தோடு கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. ஊலர் ஏரியில் 1992 வெள்ளம் கொண்டுவந்த வண்டல் தாமரையை மூடிவிட்டது. தூர்வாரும் பணிகளுக்குப் பிறகு, 2025 கோடையில்தான் அங்கே மறுபடி தாமரை பூத்துக் கிடந்தது. ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு அது அழகுக் காட்சி மட்டுமல்ல. மூன்று தலைமுறை இறங்கி நத்ரு எடுத்த தண்ணீர் அது.

வெயில் இருக்கும்போதே ஒரு நாள்

டிசம்பர் 21 முதல் 40 நாள்களுக்கு 'சில்லாய் கலான்'. குளிரின் உச்சம் அது. அதற்குப் பிறகு 20 நாள், பின்னர் 10 நாள் என்று குளிர் படிப்படியாகத்தான் இறங்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்த நாள்கள் பெரும்பாலும் வீட்டுக்குள், நெருப்புச்சட்டிக்குப் பக்கத்தில். எனவே அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் கிடைக்கும் இளம்வெயில் ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் வீணாக்குவதில்லை.

ஸ்ரீநகரிலிருந்து எங்கே போவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஒன்று, சினார் மரங்கள். காஷ்மீரி மொழியில் 'பூன்யி'. கைவிரல்களை விரித்தது போன்ற இலைகள் பச்சையிலிருந்து மஞ்சளாகி, செம்பாகி, ரத்தச் சிவப்பாகிக் கொட்டும் காலம் இது. நிஷாத், ஷாலிமார் தோட்டங்களிலும், காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் நசீம் பாக்கிலும் முழங்கால் வரை இலை. நசீம் பாக் மரங்கள் முகலாயர் காலத்தவை. சினார் மரங்களைக் கணக்கெடுத்து, கியூஆர் குறியீட்டுத் தகடு மாட்டும் வேலையும் நடந்திருக்கிறது. கிட்டத்தட்ட 29,000 மரங்கள் பதிவாகியிருக்கின்றன. செல்போனைக் காட்டினால் மரத்தின் விவரம் வந்துவிடும். பாட்டி சொல்லும் கதை அளவுக்குச் சுவாரஸ்யமாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

விரிப்பு, சாதப் பாத்திரம், ஹாக், சூண்ட் வாங்குன், கூடவே கரி போட்டுச் சூடாக வைத்திருக்கும் செம்பு சமோவார். அதில் உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர், 'நூன் சாய்'. தொட்டுக்கொள்ள ரொட்டிக் கடையில் அன்று காலை சுட்ட ரொட்டி. கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் நம் ஆடிப்பெருக்குக் குடும்பங்களிடம் இதை விளக்கவே வேண்டாம்.

உதிர்ந்த இலைகள் குப்பைக்குப் போவதில்லை. அவற்றைக் கூட்டிச் சேர்த்து, எரித்து, தண்ணீர் தெளித்துக் கரியாக்கி மூட்டை கட்டி வைப்பார்கள். குளிர்காலத்தில் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்ரி' நெருப்புச்சட்டிக்கு அதுதான் எரிபொருள். நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டு வரும் அழகு, அங்கே யாரோ ஒருவரின் ஜனவரி மாதச் சூடு.

இரண்டாவது இடம், ஸ்ரீநகருக்குத் தெற்கே பாம்பூர். குங்குமப்பூ வயல்கள். அக்டோபர் கடைசியில் மண்ணிலிருந்து நேரடியாக ஊதாப் பூக்கள் முளைத்து, இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். பூவைக் காலையிலேயே பறித்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைப் பிரிக்க வேண்டும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூக்கள். வீட்டுக் கூடத்தில் பூக்குவியலைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து இழை பிரிப்பதைப் பார்த்தால், கிலோ லட்சக்கணக்கில் விற்கும் விலையைப் பற்றி யாரும் பேரம் பேச மாட்டார்கள். ஆனால், 1990-களின் நடுவில் சுமார் 5,700 ஹெக்டேராக இருந்த சாகுபடிப் பரப்பு, 3,700 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மழை தவறுகிறது, வயல்களுக்குப் பக்கத்தில் கட்டடங்கள் வருகின்றன. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். கிழங்குக்குத் தண்ணீர் கிடைப்பது அதைவிட முக்கியம்.

வெளியே போவது எல்லா ஆண்டும் இவ்வளவு சுலபமாகவும் இருப்பதில்லை. 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. பிறகு படிப்படியாகத்தான் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வராததைப் பற்றி நிறைய எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகும் உள்ளூர்க் குடும்பத்துக்கும் அதே கதவுதான் மூடியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கயிற்றில் தொங்கும் குளிர்காலம்

ஹரூத் முடிவதற்குள் வீட்டில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். 'ஹோக் ஸ்யூன்', அதாவது உலர்காய். சுரைக்காயை நீளநீளமாகச் சீவிக் காயவைப்பார்கள். கத்தரிக்காயைக் காம்பு விடாமல் நான்காகப் பிளந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். டர்னிப்பை வட்டமாக நறுக்கி மாலையாகக் கோப்பார்கள். தக்காளி மாடியிலும் கூரையிலும் சிவப்பாக விரிந்து கிடக்கும். நாம் சித்திரை வெயிலில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் மோரில் ஊறவைத்துக் காயப்போடுவதன் காஷ்மீர் வடிவம் இது. வித்தியாசம் ஒன்று உண்டு. நமக்கு வற்றல் இல்லாவிட்டால் வத்தக்குழம்பு இருக்காது. அங்கே உலர்காய் இல்லாத வீட்டில், ஒரு காலத்தில், பனி மூடிய வாரங்களில் காயே இருக்காது. மலைப்பாதை அடைபட்டால் பள்ளத்தாக்குக்குள் எதுவும் வராது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2021-ல் பனிஹால் – காசிகுண்ட் புதிய சுரங்கப்பாதை திறந்தது. 2025 ஜூனில் செனாப் பாலம் வழியாக ரயிலும் வந்துவிட்டது. ஜனவரியில்கூடச் சமவெளியிலிருந்து தக்காளி வருகிறது. அப்படியிருக்க, எதற்காகக் கை விறைக்கச் சுரைக்காய் சீவ வேண்டும் என்று இளைய தலைமுறைப் பெண்கள் கேட்டால், கேள்வி நியாயமானதே. சீவியதும் கோத்ததும் காயவைத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். பாரம்பரியம் என்று மெச்சிக்கொள்கிறவர்கள் கத்தியை எடுத்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

உடல்நலக் கேள்வியும் இருக்கிறது. காஷ்மீரில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகம். உலர்காய்கள், புகையில் பதப்படுத்திய மீன், உப்புத் தேநீர் ஆகியவற்றை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சந்தேகத்தோடு கவனித்து வருகிறார்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடிப்பதும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. சாலைத் தூசியும் ஈயும் படக் காயவைத்த காயைத் தினமும் சாப்பிடுவதற்கும், வீட்டு மாடியில் சுத்தமாகக் காயவைத்ததை எப்போதாவது சமைப்பதற்கும் வித்தியாசம் உண்டுதானே?

ஆனால், சாலை இருக்கிறது என்ற நம்பிக்கையை 2025 ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழை ஒரே வாரத்தில் உடைத்தது. ஜம்மு – ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை அறுந்து, ஆப்பிள் லாரிகள் ஆயிரக்கணக்கில் நாள்கணக்காக வழியிலேயே நின்றன. இந்தியாவின் ஆப்பிளில் நான்கில் மூன்று பங்கு விளையும் மண்ணில், அறுவடை நேரத்தில், பெட்டிக்குள்ளேயே பழம் அழுகியது. செப்டம்பர் நடுவில் பட்கமிலிருந்து டெல்லிக்குப் பார்சல் ரயில் விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஃப்ரீசரில் காயைச் சேமிக்கலாம் என்றாலோ, குளிர்கால மின்வெட்டு இருக்கவே இருக்கிறது. அந்த வருடம் கயிற்றில் கத்தரிக்காய் கட்டியவர்களைப் பழைய பஞ்சாங்கம் என்று யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

1990-ல் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறிய பண்டிட் குடும்பங்களுக்கு இந்தக் கயிறு வேறு விதமாக முக்கியம். ஜம்முவின் வெயிலிலும் டெல்லியின் அடுக்ககங்களிலும் ஹாக் தேடி அலைவதும், ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் உலர்காய் வாங்கிவரச் சொல்வதும் இன்றும் நடக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஹரூத் என்பது பருவம் அல்ல, ஒரு பார்சல்.

இலையுதிர்காலத்தில் ஸ்ரீநகர் போகத் திட்டமிடுபவர்கள் அக்டோபர் 25-லிருந்து நவம்பர் 10-க்குள் போனால் சினாரும் குங்குமப்பூவும் ஒருசேரக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஓட்டலில் மெனு கார்டைப் பார்க்காமல், ஹாக்கும் நத்ருவும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய நகரத்தின் கடைத்தெருவில் டர்னிப் மாலைகளும் சுரைக்காய் வற்றலும் கிடைக்கும். சாலையோரம் தொங்குவதைவிட மூடி வைத்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, பாசிப்பருப்போடு வேகவைக்கலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள்.