ரின்னா, போத்தலா, ஸ்பிரேயா?



சென்ற மாதம் ஓட்டோவின் டயர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தம்புள்ளைச் சகோதரி ஒருவர், "அக்கா, வண்டிக்குப் பூசும் மெழுகு கடையில் மூன்று விதமாக இருக்கிறது, விலையும் மூன்று விதம். எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார். லீசிங் கட்டி ஓடும் எங்களுக்கு இது அழகுக்கான செலவு மட்டுமல்ல.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை வெகுவாக ஏறியது. அப்போதும் இப்போதும், விற்கப் போனால் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்றைத்தான். எங்களில் பலருக்கு, சொந்தப் பெயரில் உள்ள ஒரே சொத்து அந்த ஓட்டோதான். அதை வெளுக்க விடலாமா?

முதலில் மெழுகு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது பெயின்றுக்கு மேலே ஒரு மெல்லிய போர்வை. வெயில், மழைநீர், காக்கை எச்சம், மரப்பால் ஆகியவை நேரே பெயின்றில் பிடிக்காமல் காக்கிறது. தகரம் தெரியுமளவுக்கு ஆழமான கீறலை அது மூடாது. பிடித்த துருவையும் போக்காது. நல்ல மெழுகுகளில் சேரும் 'கார்னௌபா', பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். இதுவோ 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதனால்தான் இது பொருத்தம்.

இனி மூன்று வகைகள்.

ரின்னில் வரும் கட்டி மெழுகு: கொஞ்சம் எடுத்தாலே போதும், நீண்ட நாள் நிற்கும். ஆனால் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. மெல்லப் பூசி, காயவிட்டு, துடைத்தெடுப்பதே முறை.

போத்தலில் வரும் திரவ மெழுகு: பூசுவது இலகு. என்னோடு வண்டி கழுவும் ஒரு தங்கைக்கு, 2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் தோளில் இருக்கிறது. அவளால் கட்டி மெழுகை அழுத்தித் தேய்க்க முடியாது. அவளுக்கு இதுதான் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில போத்தல்களில் அழுக்கை நீக்கும் நுண்ணிய பொடி கலந்திருக்கும். வெளுத்த பெயின்றுக்கு அது ஒருமுறை நல்லது. மாதாமாதம் போட்டால் பெயின்றே தேயும். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்தோ, வாசிப்பித்தோ வாங்குங்கள்.

ஸ்பிரே: விசிறித் துடைத்தால் முடிந்தது. சீக்கிரம் போய்விடும். கல்யாண ஹயருக்குப் போகும் காலையில் உதவும். இதையே நம்பியிருக்க வேண்டாம்.

விலையை எப்படி ஒப்பிடுவது? போத்தல் விலையைப் பாராமல், வருடச் செலவைப் பாருங்கள். என் வண்டியில் கட்டி மெழுகு சுமார் இரண்டு மாதம் நிற்கிறது; வருடத்துக்கு 6 தடவை போதும். ஸ்பிரே இரண்டு வாரம்தான்; வருடத்துக்கு 26 தடவை. மலிவாகத் தெரிவது மலிவல்ல என்பது அப்போது விளங்கும். உடலில் வலுவும் அரை நாள் நேரமும் இருந்தால் ரின். கைக்கு இயலாவிட்டால் பொடி கலக்காத போத்தல். இது என் முடிவு.

பூசும் முறை:

வண்டியை நன்றாகக் கழுவித் துடையுங்கள். மணல் இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும். நிழலில் நிறுத்தி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். தகரம் சூடாக இருந்தால் பொறுங்கள். ஒரு கதவளவு இடத்தில் மெல்லப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். நிலத்தில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி எடுக்க வேண்டாம். கண்ணாடி, ரெக்சின் ஹூட், கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பாருங்கள், வெள்ளையாகப் படிந்துவிடும்.

பொடி கலந்த மெழுகால் தேய்க்கையில் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். மேலே தெளிவான பூச்சு இல்லாத பெயின்றில் அப்படித்தான் வரும். வெளுத்த மேற்படை கழன்று வருகிறது. ஆனால் அழுத்தித் தேய்ப்பதை அத்தோடு நிறுத்துங்கள்.

பாத்திரம் கழுவும் திரவம் மெழுகைக் கழற்றிவிடும். வண்டிக்கு அது வேண்டாம். தேங்காயெண்ணெய் ஒரு நாள் மினுங்கும், மறுநாள் ஏ-9 வீதித் தூசி முழுவதும் அதில் ஒட்டும். மெழுகுதிரியை மண்ணெண்ணெயில் உருக்கிப் பூசும் யோசனையை விட்டுவிடுங்கள்; தீப்பிடிக்கும். வாங்கிய மெழுகையும் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் தூரமாக வையுங்கள்.

எப்போது மறுபடி பூசுவது? தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவி நின்றால் போய்விட்டது. மாத்தளையில் ஐப்பசி, கார்த்திகை மழை கடுமை. ஆகவே புரட்டாதியில் ஒரு தடவை பூசுங்கள். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் பஞ்சரத பவனி நடக்கும் நாட்களில் ஓட்டம் கூடும். அதற்கு முன் இன்னொரு தடவை பூசினால் நல்லது.

இது கைத்தொழிலாகவும் வளரும். நாங்கள் இரண்டு பேர், ஓட்டம் குறைந்த நாட்களில் பக்கத்து வண்டிகளுக்கும் கூலிக்குப் பூசிக் கொடுக்கிறோம். ஒரு ரின்னும், நாலு துணியும், இரண்டு வாளியும்தான் முதல். கூலியைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்பே இருந்த கீறல்களைச் சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிறகு வாக்குவாதம் வராது.