சாகாவரம் யார் கையில்? ஒரு வீடியோ கேமும் ஜவ்வாது மலைக் குள்ளர் வீடுகளும்

'டிராகன் ஏஜ்' வீடியோ கேம் ஆடுகிற நாலு பேர் கூடிய இடத்தில் சோலஸ் என்ற பெயரைச் சொன்னால் போதும், சண்டை தொடங்கிவிடும். அவன் செய்தது சரியா, தப்பா?

கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட முதல் கேமில், கூர்காது கொண்ட 'எல்ஃப்' இனத்தார் நகரத்து ஓரக் குடியிருப்புகளிலும் காடுகளிலும் ஒண்டிப் பிழைக்கிறார்கள். 'ஒரு காலத்தில் எங்களுக்குச் சாவே கிடையாது. மனிதர்களோடு பழகித்தான் மூப்பு வந்தது' என்பது அவர்களின் நம்பிக்கை. 2015-ல் வந்த 'டிரெஸ்பாஸர்' என்ற தொடர்ச்சியில் உண்மை வெளியே வருகிறது. அவர்கள் கும்பிட்டவை தெய்வங்களே இல்லை. தங்களைத் தாங்களே தெய்வமாக்கிக்கொண்ட மந்திரவாதிகள். அந்தக் கொடுங்கோலர்களை அடைத்துவைக்க, மண்ணுலகத்துக்கும் மாய உலகத்துக்கும் நடுவே சோலஸ் ஒரு திரையைப் போட்டான். அவர்கள் ஒழிந்தார்கள். கூடவே அந்த இனத்தின் சாகாவரமும் போய்விட்டது.

'அடிமையாக ஆயிரம் வருஷம் வாழ்ந்து என்ன பயன்?' என்பது ஒரு கட்சி. 'ஒரு இனத்தின் ஆயுளைத் தீர்மானிக்க இவன் யார்?' என்பது எதிர்க்கட்சி. 2024-ல் 'தி வெய்ல்கார்ட்' கேம் வந்த பிறகும் வழக்கு முடியவில்லை. இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. சாவும் வாழ்வும் மேலே இருப்பவர்களின் கையில் இருக்கிறது என்பதுதான் அது.

இதே வழக்கை ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோனால் தீர்ப்பு மாறும்!

முயல் பூட்டி உழுதவர்கள்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கிறது ஜவ்வாது மலை. இங்கே கீழ்சேப்பிளி பக்கம் பாறைகளின் மேல் சின்னச் சின்னக் கல்வீடுகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவர்போல நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியிருப்பார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். இத்தகைய வீடுகளில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருப்பதும் உண்டு.

வட தமிழகத்திலும் கொங்கு நாட்டிலும் இவற்றுக்குக் குள்ளர் வீடு, வாலியர் வீடு, பாண்டவர் வீடு என்று பல பெயர்கள். வாலியர் என்பவர்கள் சாண் உயர மனிதர்களாம். ஆள் சின்னது, பலம் பெரிசு. முயலை ஏரில் பூட்டி உழுவார்களாம். வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள், அப்படியும் தப்பவில்லை என்று சொல்கிற ஊர்கள் உண்டு.

தொல்லியல் சொல்வது வேறு. இவை கல்திட்டைகள். இரும்புக்கால மக்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அதாவது, கட்டியவர்கள் குள்ளர்கள் இல்லை. ஓர் ஊரே சேர்ந்து தூக்கினால்தான் நகரும் கல்லை, இனி எழுந்து வராத ஒருவருக்காகத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

விளக்கு மாடத்துத் தாத்தா

எல்ஃப்களுக்குப் போட்டியாகச் சாகாத மனிதர்களும் தமிழ்நாட்டுக் கதைகளில் உண்டு. முதுமக்கள் தாழி பற்றிப் பாட்டிமார் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயசு ஏற ஏற உடம்பு சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் பூனை அளவுக்கு ஆனதும் விளக்கு மாடத்தில் உட்கார்த்தி வைப்பார்களாம். அதற்கும் மேல் பார்த்துக்கொள்ள முடியாதபோது, பெரிய தாழிக்குள் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம்.

இது நடந்த கதை இல்லை. ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைத்த தாழிகள் இறந்தவர்களைப் புதைத்தவை. அவற்றில் முதியவர்கள் மட்டும் இல்லை. ஆனால், கதை தொடுகிற இடம் உண்மையானது. தொண்ணூறு வயதுப் பெரியவரைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற எந்த வீட்டுக்கும் அது புரியும். இந்தக் கதையில் கடவுள் வரவே இல்லை. இன்னும் எத்தனை நாள் என்று முடிவெடுப்பது வீட்டார்.

நாய்கள் மட்டும் திரும்பின

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். மலையை ஆள்பவர்கள் என்று இந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, தமிழ் பேசும் இவர்கள் வேறு. இவர்களின் பூர்வகதை ஒன்றை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்துப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் கடத்திப்போகிறார்கள். மீட்கக் கிளம்பும் ஏழு ஆண்கள், கூடவே ஏழு நாய்களைக் கூட்டிக்கொள்கிறார்கள். 'நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களுக்குக் காரியம் செய்துவிடுங்கள்' என்று மனைவிகளிடம் சொல்கிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் அக்கரை சேர்கிறார்கள். நாய்களோ பாதி ஆற்றிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. வென்று ஊருக்கு வந்தால், வீட்டில் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. செத்தவர் கணக்கில் எழுதியாகிவிட்டது. உயிரோடு நின்றவர்களுக்கு அந்த வீட்டில் இடமில்லை. வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறி, விவசாயம் பார்க்கத் தொடங்கினார்கள் என்று முடிகிறது கதை.

உயிரோடிருந்தும் செத்தார்கள். இதைச் செய்தது எந்தச் சாமி? சாமி இல்லை. வீட்டார்தான்!

நெல்லிக்கனியும் ஒரு நாயும்

இதற்கு நேர் எதிரான கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கு மேற்கே தருமபுரி, அன்றைய தகடூர். நெடுங்காலம் வாழவைக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது, அதியமான் நெடுமான் அஞ்சி தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். அவன் இறந்து நடுகல் ஆனதும், அந்தக் கல்லைப் பற்றிப் பாடியவரும் ஔவைதான். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருப்பதால் அவன் இன்னும் இருக்கிறான்.

அரசனுக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை இது. மலையடிவாரச் செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அதே வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலக் கல், கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பியது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்து விரட்டி அவனைக் காத்த நாய். அதன் பெயர் கோவிவன். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், ஊரார் அதைக் கல்லில் வெட்டி வைத்ததால்தான்.

சோலஸ் வழக்குக்கு மலை சொல்லும் தீர்ப்பு இதுதான். சாகாவரத்தைத் தருவதும் பறிப்பதும் தெய்வம் இல்லை, பின்னால் இருக்கிறவர்கள்.

அந்தப் பின்னால் இருக்கிறவர்கள் இப்போது நாம். புதையல் ஆசையில் கல்திட்டைகளைத் தோண்டுவதும், பலகைக் கல்லைப் பெயர்த்து வேறு வேலைக்கு எடுத்துப்போவதும் தமிழ்நாட்டின் பல இடங்களில் நடக்கிறது. மூடுகல் ஒரு முறை சரிந்தால், யாருக்காக வைத்ததோ அந்த மனிதர் இரண்டாம் தடவை சாகிறார். கேமில் என்றால் பழைய சேவ் ஃபைலைத் திறந்துகொள்ளலாம். இங்கே அது முடியாது.

கோடை விழாவுக்கோ பீமன் அருவிக்கோ போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிறவர்கள், கல்வீடுகளைக் கண்டால் மேலே ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம். கல்லில் பெயர் கிறுக்க வேண்டாம். கூட வரும் பிள்ளை கேம் பைத்தியமாக இருந்தால், முயல் பூட்டி உழுத வாலியர் கதையை அங்கேயே சொல்லுங்கள். கதை முழுதாகத் தெரியாவிட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.