ஸ்கேனரும் அடிப்படைச் சோதனையும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சானமாவு, ஓசூர், ராயக்கோட்டைச் சாலைப் பகுதிகளின் வாகனப் பட்டறைகள் சார்பில் நாங்கள் சொல்வது இது: ஸ்கேனரில் எந்தப் பழுதுக் கோடு (code) வந்தாலும், அதற்குத் தொடர்புள்ள பேட்டரி, எர்த், எரிபொருள் அழுத்தம், காற்று வழி, கம்ப்ரஷன் ஆகியவற்றைச் சோதிக்காமல் சென்சாரையோ கன்ட்ரோல் யூனிட்டையோ மாற்றக் கூடாது. வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி-2 முறை கார்களுக்கு 2013 ஏப்ரலில் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. இன்று ஸ்கேனர் இல்லாமல் தொழில் இல்லை. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவது சென்சார் சொல்வது மட்டுமே. விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் அதன் கண்ணில் படாது.

பி0171 என்ற கோடையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோலின் அளவுக்குக் காற்று அதிகம் என்பது அதன் பொருள். இதைப் பார்த்ததும் பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை ஆக்சிஜன் சென்சார் சரியாகவே சொல்கிறது. உண்மை சொன்ன பாகத்தைத்தான் கழற்றி எறிகிறோம். ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தால் போதும், பிளவு வாய் திறக்கும். 'யு' வரிசைக் கோடுகள் நான்கைந்து சேர்ந்து வந்தாலும் இதே கதைதான். செல்ஃப் எடுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் படுத்துவிட்டால் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசாது. அந்த நேரத்தில் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பழுது எர்த் ஒயரில் இருக்கிறது.

இது புதியதைக் கற்க மறுப்பவர்களின் சாக்கு என்பார்கள். ஸ்கேனரின் லைவ் டேட்டாவைப் படிக்கவே இன்ஜின் இயங்கும் விதம் தெரிய வேண்டும்; ஒன்று இன்னொன்றுக்கு மாற்றல்ல. நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஊகத்தில் மாற்றிய பாகத்துக்கு வாடிக்கையாளர் பணம் கட்டி, அதே எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிய, வண்டி திரும்பி வருவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம். மின்வண்டிக்கு இது பொருந்தாது என்பதும் தவறு. எங்கள் மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலேயே மின் ஸ்கூட்டர் தயாராகிறது. மின்வண்டியில் கம்ப்ரஷன் இல்லை, ஆனால் கன்ட்ரோல் யூனிட்டை எழுப்பும் 12 வோல்ட் மின்சுற்றும் ஃபியூஸும் கனெக்டரும் உண்டு.

அடிப்படைச் சோதனைக்கு வயரிங் படமும் அளவுகளும் வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அதேபோல வயரிங் படங்களையும் அளவுகளையும் நியாய விலையில் தர வேண்டும் என நிறுவனங்களைக் கேட்கிறோம். பட்டறைகள் கோடை மட்டுமல்ல, அளந்த வோல்டேஜையும் அழுத்தத்தையும் பில்லில் எழுத வேண்டும். வண்டிக்காரர்களே, பாகத்தை மாற்றச் சொன்னால், "எதை அளந்து பார்த்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள்.