அக்கினி பகவானும் ஈரச் சாக்கும்

அக்கினி பகவான் கோபித்துக் குடிசையை எரித்தாரென்கிறார்கள். அத்தகைய பகவான் ஓர் ஈரச் சாக்குக்கு அடங்கிப்போவானேன் என்று கேட்கிறோம். எரியும் பொருள், சூடு, காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் தீ. ஒன்றை விலக்கினால் தீ இல்லை. தண்ணீர் சூட்டைத் தணிக்கிறது. மணலும் ஈரச் சாக்கும் காற்றைத் தடுக்கின்றன. ஆனால், எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினாலோ அது அடியிற்சென்று ஆவியாகி, எண்ணெயைத் தீயோடு வாரியிறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடுவதே முறை. 2004-ல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கட்டுத் தீ கீற்றுக்கூரையிற் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதுவும் விதியா? அடுப்பருகே கீற்று வேய்ந்தது விதியா, மனிதனா? தோழர்களே, கற்பூரம் காட்டியது போதும். ஒரு வாளி மணல் வையுங்கள்!